உப்புக்காற்றில் நிலைத்தவை: ராமநாதபுரம் கடற்கரைக்கு உதவிய புதிய கருவிகளும் முறைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நீளும் இந்தக் கரைக்குக் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் எத்தனையோ புதுப் பொருள்கள் வந்தன. பல, ஒரு வாடைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. சில மட்டும் கடலுக்குப் போகிறவர் உயிரையும் வீட்டுப் பெண்களின் இடுப்பையும் காப்பாற்றின. அந்தச் சிலவற்றைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் இவை.

எதை வைத்து ஒரு கருவியை நல்லது என்று சொல்கிறீர்கள்?

முதலில் உப்பு. மதுரையில் பத்து ஆண்டு ஓடும் மோட்டார் இங்கே மூன்று ஆண்டில் துருவேறி நிற்கும். அடுத்தது பழுது. உடைந்தால் பாம்பனிலோ ராமநாதபுரத்திலோ ஒருவர் அதைச் சரிசெய்ய வேண்டும், உதிரிப் பாகம் ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும். இந்த இரண்டிலும் தேறாத பொருளை மானியத்தில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். மானியத்தில் வந்து, உதிரிப் பாகம் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் இயந்திரங்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

ஜிபிஎஸ் வைத்திருந்தும் எல்லை தெரியாமல் தாண்டிவிட்டோம் என்கிறார்களே, அது எப்படி?

பெரும்பாலும் கருவி சரியாகத்தான் காட்டியிருக்கும். எண்ணைப் படித்த முறையில்தான் கோளாறு. ஒரே இடத்தை ஜிபிஎஸ் மூன்று விதமாகக் காட்டும். 9 டிகிரி 20.50 நிமிடம் என்றால் 9 டிகிரி 20 நிமிடம் 30 விநாடி. அதையே தசம டிகிரியில் 9.3417 என்று காட்டும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 50-ஐ 50 விநாடி என்று எடுத்துக்கொண்டால் 20 விநாடி தவறும். ஒரு நிமிட அட்சம் 1,852 மீட்டர் என்பதால் அந்தத் தவறு 617 மீட்டர். 9 டிகிரி 20.50 நிமிடத்தை 9.2050 என்று தசம டிகிரியில் அடித்துவிட்டால் 15 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

இந்தியாவும் இலங்கையும் 1974-இல் பாக் நீரிணைக்கும் 1976-இல் மன்னார் வளைகுடாவுக்கும் எல்லை வகுத்துக்கொண்டன. 1974 ஒப்பந்தத்தில் 6 புள்ளிகள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் கோடு நேர்கோடு இல்லை, வளைந்து போகிறது. அந்தப் புள்ளிகள் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற முறையில் எழுதப்பட்டவை. ஆகவே உங்கள் கருவியையும் அதே முறையில் வைத்துக்கொள்ளுங்கள். படகில் இருக்கும் எல்லாக் கருவியும் போனும் ஒரே முறையில் இருக்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் 'டேட்டம்' (எந்த அடிப்படையில் பூமியை அளக்கிறது என்ற தேர்வு) என்று ஒன்று வரும். அது டபிள்யூஜிஎஸ் 84 என்றே இருக்கட்டும். வேறு டேட்டம் மாறிக் கிடந்தால் சில நூறு மீட்டர் வித்தியாசம் சத்தமில்லாமல் வந்துவிடும்.

இன்னொன்று, எல்லைக் கோட்டையே எச்சரிக்கைக் கோடாக வைப்பது. அது பெரிய தவறு. வலையை விட்டுவிட்டு இன்ஜினை அணைத்துப் படுத்தால் படகு நிற்பதில்லை, நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போகும். மணிக்கு ஒரு கடல்மைல் நீவாட்டில் மூன்று மணி நேரம் தூங்கினால் ஐந்தரை கிலோமீட்டர் நகர்ந்திருப்பீர்கள். கோட்டுக்கு உள்ளே குறைந்தது 3 கடல்மைல் தள்ளி எச்சரிக்கை ஒலியை வையுங்கள். ஒருவராவது விழித்திருங்கள்.

ஜிபிஎஸ் அடிக்கடி அணைந்து அணைந்து எரிகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பத்தில் ஒன்பது முறை வயர்தான். சாதாரணச் செம்புக் கம்பிக்குள் உப்புத்தண்ணீர் ஏறி, உறைக்குள்ளேயே பச்சை பூத்து உதிர்ந்துவிடும். வெளியே பார்த்தால் நல்ல வயர் போலவே இருக்கும். வெள்ளீயம் பூசிய கடல் வயர் போடுங்கள், பேட்டரி அருகிலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள், இணைப்பில் பசையுள்ள சுருங்கு குழாய் மாட்டிச் சூடு காட்டுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் அணைகிறதென்றால் வோல்டேஜ் இறங்குகிறது என்று பொருள். ஜிபிஎஸ்ஸுக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி வைத்தால் தீரும்.

மீன் கிடைக்கும் பாறை, பார், கல் எல்லாவற்றின் எண்களையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வீட்டில் வையுங்கள். கருவி தண்ணீரில் விழுந்தால் இருபது வருட அறிவும் கூடவே போய்விடும்.

போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே, அது போதாதா?

கரையோரம் நண்டு வலை விடுகிற வத்தைக்கு (சிறு படகுக்கு)ப் போதும். சிக்னல் இல்லாவிட்டாலும் போன் இடத்தைக் கண்டுபிடிக்கும், ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஈரக் கைக்குத் திரை கேட்காது, உச்சி வெயிலில் சூடேறி அணைந்துவிடும். ஆழத்துக்குப் போகிற படகுக்குப் போனை மட்டும் நம்பி விடக்கூடாது.

சிக்னல் எட்டாத தூரத்தில் புயல் சேதி எப்படி வரும்? நாம் ஆபத்தில் இருந்தால் எப்படிச் சொல்வது?

இரண்டும் வேறு வேறு வேலை. இதைக் குழப்பிக்கொண்டதால் பலர் தவறான கருவியை நம்பியிருக்கிறார்கள்.

கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனால் போன் சிக்னல் பொதுவாகத் தீர்ந்துவிடும். 2017-இல் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை என்பதே பெரிய துயரம். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் சேதி சொல்லும் கருவிகள் வேகமாக வந்தன. இந்தியாவின் நேவிக் செயற்கைக்கோள்களையும் ககன் அமைப்பையும் பயன்படுத்தும் சிறு பெட்டிகள் அவை. 2019-இல் அறிமுகமான ஜெமினி என்ற பெட்டி, ககன் வழியாக வரும் புயல், அலை எச்சரிக்கையைப் புளூடூத் மூலம் போனுக்குத் தள்ளும். ஆனால் அது ஒருவழிதான். அதை வைத்து நீங்கள் உதவி கேட்க முடியாது.

உதவி கேட்பதற்கு இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி இருக்கிறது. பழைய வகையில் பொத்தானை அழுத்தினால் சேதி போகும், போனதா இல்லையா என்று தெரியாது. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'சேதி கிடைத்தது' என்று பதில் திரும்பி வரும். கடலில் தத்தளிக்கிறவனுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய தெம்பு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விசைப்படகுகளுக்கு அரசு பொருத்தும் டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோள் தொடர்புப் பெட்டியில்) குறுஞ்சேதி இரண்டு பக்கமும் போகும்.

எந்தப் பெட்டியானாலும் அதன் ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். வலைக்குவியலுக்கு அடியிலோ தகரக் கூரைக்குக் கீழேயோ வைத்தால் பயனில்லை. மாதம் ஒருமுறை பேட்டரி அளவைப் பாருங்கள். சும்மா சோதித்துப் பார்க்க ஆபத்துப் பொத்தானை அழுத்தாதீர்கள். உங்களைத் தேடி ஒரு கப்பல் கிளம்பிவிடும்.

பக்கத்துப் படகோடு பேச விஎச்எஃப் வாக்கிடாக்கி. ஆபத்துக்கு 16-ஆம் சேனல். கையடக்க 5 வாட் கருவி, தாழ்வான வள்ளத்திலிருந்து சில கடல்மைல்தான் எட்டும். காரணம், அந்த அலை நேர்கோட்டில் போகிறது, பூமியின் வளைவு மறைத்துவிடுகிறது. நின்றுகொண்டு உயர்த்திப் பிடித்துப் பேசினால் கூடுதலாக எட்டும். போன் கிடைக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. பாம்பனிலிருந்து 90.4-இல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி, நம்முடைய பேச்சிலேயே காற்று நிலவரம் சொல்வதால் வீட்டிலிருக்கும் பெண்களும் கேட்டுவிட்டு எச்சரிக்கிறார்கள். கரையோரம் மீன் பிடிக்கிறவர்களுக்கு அதுவே நல்ல துணை.

மீன் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சொல்வது உண்மையா?

மீனைச் செயற்கைக்கோள் பார்ப்பதில்லை. கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசிப்பச்சையையும் பார்க்கிறது. வெதுநீரும் குளிர்நீரும் சந்திக்கிற ஓரத்தில் நுண்பாசி பெருகும், அதைத் தின்னச் சிறுமீன் வரும், அதைத் தின்னப் பெருமீன் வரும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அந்த ஓரங்களைக் கணித்து அறிவிக்கிறது. சாளை, சூரை போன்ற மேல்நீர் மீனுக்கு உதவும். இறாலுக்கும் நண்டுக்கும் உதவாது. மேகம் மூடினால் கணிப்பு வராது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்திலும் வராது. இரண்டு மூன்று நாள் கடந்த சேதியை நம்பி டீசல் எரிக்க வேண்டாம்.

மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பது எப்படி? முழு அளவும் சொல்லுங்கள்.

இந்தக் கரையின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று முங்கி எடுத்து வந்தார்கள். பாறையில் கை கிழியும், நாளுக்கு நாள் பாசியும் குறைந்தது. கப்பாபைகஸ் என்ற பாசியை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 1990-களில் இங்கே வளர்த்துக் காட்டியது. பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்தமுறையில் வாங்கியதால் 'பெப்சி பாசி' என்றே பெயர் நின்றுவிட்டது. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் கேரஜீனன் இதிலிருந்து எடுக்கப்படுகிறது.

ஒரு மிதவைக்கு: 3 முதல் 4 அங்குலம் கனமுள்ள 12 அடி மூங்கில் நான்கு. மூலைகளில் குறுக்காகக் கட்ட 4 அடித் துண்டு நான்கு. இந்தச் சதுரத்தில் பின்னல் கயிறு 20 வரிசை. வரிசைக்கு 20 இடத்தில் 150 கிராம் விதைப்பாசித் துண்டைக் கட்ட வேண்டும். 400 துண்டு, மொத்தம் 60 கிலோ. அடியில் பழைய மீன்வலையை விரித்து நான்கு பக்கமும் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரா மீன் ஒரே வாரத்தில் மேய்ந்துவிடும். வலை இருந்தால் உதிர்கிற துண்டும் கடலுக்குள் போகாது. பத்து மிதவையை ஒன்றோடொன்று கோத்து, 30 கிலோ நங்கூரம் போட்டு நிறுத்தலாம்.

மூங்கிலின் கணுக்களில் துளை போடாதீர்கள். கணு மூடியிருந்தால்தான் உள்ளே காற்று நிற்கும், மிதக்கும். பச்சை மூங்கில் வாங்கினால் இரண்டு மாதத்தில் முழுகும்.

விதையைக் காலை பத்து மணிக்குள் கட்டி முடிக்க வேண்டும். கரையில் வெயிலில் கிடந்த துண்டு வெளியே பார்க்கப் பச்சையாக இருக்கும், கடலில் விட்ட ஐந்தாம் நாள் அழுகும். ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். நுனியுள்ள இளம் கிளையையே விதைக்கு எடுங்கள், தடித்த அடிக்கிளை வளராது. கட்டுகிற முடிச்சு இறுக்கினால் அறுபடும், தளர்ந்தால் அலை உருவிவிடும். சுருக்கு விழாத தளர்முடிச்சே நல்லது.

நன்றாக வளர்ந்தால் 45 நாளில் 60 கிலோ, 240 கிலோ வரை ஆகும். அதில் 60 கிலோவை அடுத்த விதைக்கு வைத்துவிட்டு மீதியைக் காயவைக்க வேண்டும். பத்துக் கிலோ பச்சைப்பாசிக்கு ஒரு கிலோ காய்ந்தது என்பது கணக்கு. எனவே மிதவைக்கு 18 கிலோ கிடைத்தால் நல்ல அறுவடை. ஒருவர் 45 மிதவை வைத்தால் நாளைக்கு ஒன்று வீதம் அறுத்து, திரும்பக் கட்டி, சுழற்சியாக ஓட்டலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டினால் ஒரே நாளில் அறுக்க ஆள் கிடைக்காது.

பாசி வெள்ளையாகி ஒடிந்து விழுகிறதே, என்ன நோய்?

அதற்கு 'ஐஸ்-ஐஸ்' என்று பெயர். கடல்நீர் 32 டிகிரிக்கு மேல் சூடேறினாலும், மழைத்தண்ணீர் இறங்கி உப்பு குறைந்தாலும், நீவாடு நின்று தண்ணீர் தேங்கினாலும் பாசி தளர்ந்துபோகும். தளர்ந்த தண்டில் பாக்டீரியா ஏறி, அந்த இடம் வெளுத்து ஒடியும். மருந்து கிடையாது. வெளுத்த துண்டுகளை அன்றன்றே அறுத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள், கடலில் உதறாதீர்கள். மிதவையை நீரோட்டமுள்ள, சற்று ஆழமான இடத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். கோடையில் ஏப்ரல், மே மாதங்களில் விதையைக் காப்பாற்றுவதே பெரிய பாடு. அந்த மாதங்களில் விற்பனையை மறந்துவிட்டு, நல்ல விதையை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறவர்தான் ஜூலையில் முந்துகிறார். வாடைக்காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும். அப்போது மிதவையைக் கரைக்கு ஏற்றிவிடுவது தவிர வழியில்லை. ஓட்டம் பலமாக இருக்கும் இடத்தில் மூங்கிலை விட்டுவிட்டு, குழாய்வலைக்குள் விதையை நிரப்பிக் கயிற்றில் கட்டும் முறை தாங்குகிறது.

தென்கடலில் வளர்க்கலாமா?

கூடாது. தென்கடலான மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா இருக்கிறது. வெளியிலிருந்து வந்த இந்தப் பாசி, குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்து அதை மூச்சடைக்கச் செய்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இது வேலை கொடுக்கிற பாசி என்பதால் இந்தக் குறையை மூடி மறைக்கக் கூடாது. பவளம் செத்தால் மீன் குஞ்சு தங்க இடமில்லை, பிறகு நம் வலைக்கு என்ன வரும்? வடகடலிலும் மீன்வளத் துறை அனுமதிக்கும் இடத்திலேயே, அடிவலை கட்டித்தான் வளர்க்க வேண்டும். 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்ட வலமாவூர் கடற்பாசிப் பூங்கா முழுதாக நடந்தால் நல்ல விதை உள்ளூரிலேயே கிடைக்கும் என்பதே நம்பிக்கை.

ஒரு வீட்டு ஆர்ஓ இயந்திரம் எங்கள் கிணற்று உப்புத்தண்ணீரைக் குடிதண்ணீராக்குமா?

முதலில் அளந்து பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று ஊர் மகளிர் குழுவிலாவது இருக்க வேண்டும். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. கடல்நீர் சுமார் 35,000.

வீட்டு ஆர்ஓ 2,000 வரையுள்ள தண்ணீருக்குச் சரியாக ஓடும். அதற்கு மேல் போனால் ஓடுவது போலத் தெரியும், சவ்வு சில மாதத்தில் போய்விடும். காரணம் அழுத்தம். உப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பலமாகத் தண்ணீர் எதிர்ப்பக்கம் இழுபடும். 2,000 டிடிஎஸ்ஸை எதிர்க்க ஒன்றரை பார் (அழுத்த அளவு) போதும், கடல்நீரை எதிர்க்கவே 27 பார் வேண்டும். வீட்டுப் பம்ப் தருவது ஆறேழு பார்தான். ஆகவே 'கடல்நீரையும் சுத்தமாக்கும்' என்று வீட்டு இயந்திரத்தை விற்க வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

உள்ளே ஐந்து மைக்ரான் பஞ்சு ஃபில்டர், கரி ஃபில்டர், சவ்வு என்று வரிசை. பஞ்சு மணலைப் பிடிக்கும். கரி, குளோரினைப் பிடிக்கும். குளோரின் பட்டால் சவ்வு கரைந்துபோகும் என்பதால் காவிரிக் கூட்டுக்குடிநீரை ஆர்ஓவில் விடுகிறவர்கள் கரியைத் தள்ளிப்போடவே கூடாது. பஞ்சை இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சர்வீஸ் ஆள் ஆறு மாதம் என்பார். நம் மணலுக்கு அது பொருந்தாது.

சவ்வு நன்றாக இருக்கிறதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். உள்ளே போகிற தண்ணீர் 1,500, வெளியே வருவது 120 என்றால் 92 சதவீத உப்பு நீங்கியிருக்கிறது. 80-க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டிய காலம். தண்ணீரின் ஓட்டம் மட்டும் குறைந்து டிடிஎஸ் அப்படியே இருந்தால் சவ்வு கெடவில்லை, பஞ்சு அடைத்திருக்கிறது அல்லது சவ்வின் மேல் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டாலே வீண் செலவு பாதி குறையும். டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போகும். 1,500 டிடிஎஸ் தண்ணீர் என்றால் அந்தக் கழிவு சுமார் 1,960 இருக்கும். பாத்திரம் விளக்க, கழிப்பறைக்கு, தரை கழுவ ஆகும். கறிவேப்பிலைச் செடிக்கும் முருங்கைக்கும் ஊற்றினால் ஆண்டுக்குள் மண் உப்பாகிவிடும்.

ஊற்றில் சிரட்டையால் தண்ணீர் எடுத்து முடியவில்லை. அங்கேயே போர் போட்டு மோட்டார் வைத்தால் என்ன?

ஊற்று செத்துவிடும். மணல்மேட்டுக்கு அடியில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய ஆடை போல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்புநீர் நாற்பது அடிவரை மேலேறும். அடர்த்தி வித்தியாசத்தால் வரும் கணக்கு இது. மோட்டார் ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சுவதால் அங்கே உப்பு கூம்பு போல் எழும். ஒருமுறை ஏறிய உப்பு இறங்கப் பல மழைக்காலம் ஆகும்.

அதற்குப் பதில் மேலிருந்து வருவதைப் பிடியுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இங்கே ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். 40 சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 25,000 லிட்டருக்கு மேல். பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீரும் என்பதால் தொட்டி பெரிதாக வேண்டும். முதல் மழையைப் பிடிக்காதீர்கள். மாடியில் படிந்த கடல் உப்பும் காக்கை எச்சமும் அதில்தான் வரும்.

வள்ளத்துக்கும் வீட்டுக்கும் சோலார் விளக்கு: எவ்வளவு பேட்டரி, எவ்வளவு பலகை?

10 வாட் எல்இடி இரண்டு, இரவு பத்து மணி நேரம் என்றால் 200 வாட்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட் 20 ஆம்பியர்-மணி என்றால் 256 வாட்-மணி, அது போதும். மூன்று கிலோ எடைகூட இருக்காது. பழைய ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் அதே வேலைக்கு 35 ஆம்பியர்-மணி தேவைப்படும், கனமும் கூடும், படகு ஆடினால் ஆசிட் சிந்தும். பலகை 75 வாட் வையுங்கள்.

கெடுவது எங்கே என்றால் சார்ஜ் கன்ட்ரோலரில். ஆசிட் பேட்டரி அமைப்பிலேயே லித்தியத்தை மாட்டினால் வோல்டேஜ் எல்லை மீறி, உள்ளே இருக்கும் காப்புச் சுற்று அடிக்கடி துண்டித்துவிடும். லித்தியம் அமைப்பில் 14.4 வோல்ட் என்று வைத்துவிடுங்கள். பழைய செல்லைப் புதுப் பெட்டியில் அடைத்து விற்பது நடக்கிறது. வாங்கியதும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, 20 வாட் விளக்கைப் போட்டு மணியைக் குறியுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் எரிய வேண்டும். எட்டு மணியில் அணைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இது வேலைக்கும் அடையாளத்துக்குமான விளக்கு. பெரிய எல்இடி காட்டி மீனை இழுத்துப் பிடிப்பது 2017 முதல் தடை. சிறுமீனையும் குஞ்சையும் சேர்த்து அள்ளிவிடும் அந்த முறை நம் பிள்ளைகளின் பிழைப்பைத்தான் கெடுக்கிறது.

ஐஸ் எவ்வளவு போட வேண்டும்?

ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர 320 கிராம் ஐஸ் உருகினாலே போதும். பிறகு ஏன் கிலோவுக்குக் கிலோ என்கிறோம்? மீதியெல்லாம் பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் சூட்டைத் தின்பதற்கு. இரண்டு அங்குலம் கனமுள்ள பஃப் (பாலியூரித்தேன் நுரை) பெட்டியில் அந்தச் செலவு குறையும். தெர்மகோல் பெட்டி தண்ணீரை உறிஞ்சி, மூலை உடைந்து, ஒரு பருவத்தில் குப்பையாகும், அந்தக் குப்பையும் கடலுக்கே போகும்.

அடியில் இரண்டு அங்குலம் நொறுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். மீன் அடுக்கு அரை அடிக்கு மேல் போகக் கூடாது, நடுவில் இருப்பது சூடாகவே இருந்துவிடும். பாளமாகப் போட்டால் மீனில் படாது, நசுக்கவும் செய்யும். கீழ்த்துளையைத் திறந்து ரத்தத்தண்ணீரை அவ்வப்போது விட்டுவிடுங்கள். அடைத்து வைத்தால் அடி மீன் நாறும், ஏலத்தில் வியாபாரி முதலில் அடி மீனைத்தான் எடுத்துப் பார்ப்பார்.

கருவாட்டுக்குச் சோலார் உலர்த்தி வாங்கலாமா?

பெரிய அளவில் செய்கிற குழு வாங்கலாம். நெத்திலிக்கு மூன்றடி உயரத்தில் வலைப் பரணை கட்டினாலே பாதி லாபம் வந்துவிடும். மணல் ஒட்டாது, கீழிருந்தும் காற்று வரும், நாயும் கோழியும் அண்டாது. உலர்த்தி வைத்திருப்பவர்கள் உள்ளே 55 டிகிரிக்கு மேல் போகாமல் காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள். மேல்தோல் வெந்து இறுகிவிட்டால் உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும்.

கூண்டில் கடல்விரால் வளர்ப்பது லாபமா?

மண்டபம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல்விரால் குஞ்சைப் பொரிக்க வைத்ததிலிருந்து இது சாத்தியமானது. 6 மீட்டர் விட்டமுள்ள கூண்டில் ஆறேழு மாதத்தில் மீன் 2.5 முதல் 3 கிலோ வரும். இரைதான் பாரம்: ஒரு கிலோ வளர 5 கிலோவுக்கு மேல் சங்காயம் (கழிவு மீன்) போடவேண்டும். சங்காயம் விலை ஏறும் மாதங்களைக் கணக்கிடாமல் இறங்கினால் நட்டம். வலையில் சிப்பியும் பாசியும் ஏறினால் ஓட்டம் அடைத்து, விடிகாலையில் பிராணவாயு குறைந்து மீன் மொத்தமாகச் செத்து மிதக்கும். மாற்றுவலை கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

மீன் விற்கும் பெண்களுக்குக் க்யூஆர் அட்டையால் என்ன நன்மை, என்ன ஆபத்து?

சில்லறைத் தகராறு தீர்ந்தது. வங்கியில் வரவு பதிவாவதால் கடன் கேட்கவும் கை கொடுக்கிறது. ஆபத்து ஒன்றுதான்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் அடிக்கவே தேவையில்லை. 'பணம் அனுப்பியிருக்கிறேன், எண்ணை அடியுங்க அக்கா' என்று எவர் சொன்னாலும் அது திருட்டு. வாங்குகிறவர் காட்டும் திரையை நம்பாமல், ஒலிப்பெட்டி சொல்வதைக் கேட்டபின் மீனைக் கொடுங்கள்.

புதிய பாம்பன் பாலத்தில் என்ன மாறியது?

1914-இல் கட்டிய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்கைத் திறக்க ஆட்கள் கையால் சுற்ற வேண்டும். 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்கு, மின்மோட்டாரில் நேராக 17 மீட்டர் மேலேறும். உப்பை எதிர்க்க எஃகின் மேல் பாலிசிலாக்சேன் பூச்சு. வடகடலுக்கும் தென்கடலுக்கும் மாறும் படகுகள் வழக்கம்போல முன்னனுமதியோடுதான் போக வேண்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தைப் படகில் எடுத்துப்போனால், கலக்கும் அளவு என்ன?

20.5 கிராம் பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு. பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் போடக் கூடாது, உப்பு மிகுந்தால் வயிற்றுப்போக்கு கூடும். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். குளிர்பானக் கடையில் அதே போன்ற அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்பு நீர் வேறு, மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

இத்தனை கருவியையும் உப்பிலிருந்து எப்படிக் காப்பது?

கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். காய்ந்த உப்பை உலர்துணியால் தேய்த்தால் திரையில் கீறல் விழும். பீய்ச்சியடிக்கும் குழாயைக் காட்டாதீர்கள், ரப்பர் ஓரம் வழியாக உள்ளே தண்ணீர் ஏறும். இணைப்புகளில் மாதம் ஒருமுறை சிலிகான் கிரீஸ் தடவுங்கள். திருகாணி 316 வகை எவர்சில்வராக இருக்கட்டும், 304 இங்கே ஓராண்டில் பழுப்பேறும். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் திருகாணி மாட்டும்போது நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்து பேட்டரி போல வேலை செய்து, அலுமினியத்தைத் துளைத்துவிடும்.